தோ பாயோவா, பொங்கோலா? முதலில் வீட்டின் வயதைக் கேளுங்கள்

கல்யாணத் தேதி முடிவாகிவிட்டது. பிடிஓ வீட்டுக்கு இரண்டு தடவை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. சரி, மறுவிற்பனை வீடே வாங்கிவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறீர்கள். ஒருவர் தோ பாயோ என்கிறார், இன்னொருவர் பொங்கோல் என்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு தீர்ப்பு.

"தோ பாயோதான் சென்டர், எங்கே போறதுக்கும் ஈஸி லா."

"பொங்கோல்ல வீடெல்லாம் புதுசு. காத்தும் நல்லா வரும்."

இரண்டும் உண்மைதான். ஆனால் இந்த விவாதத்தில் யாரும் சாதாரணமாகக் கேட்காத இரண்டு கேள்விகள் உண்டு. அந்த வீட்டுக்கு எத்தனை வயது? பிற்காலத்தில் அதை நீங்கள் யாருக்கு விற்க முடியும்? வட்டாரத்தின் பெயரைவிட இந்த இரண்டுக்கான பதில்தான் உங்கள் பணத்தை அதிகம் பாதிக்கும்.

இரண்டு நகர்கள், இரண்டு தலைமுறைகள்

தோ பாயோ, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முழுக்க முழுக்கத் தானே திட்டமிட்டுக் கட்டிய முதல் நகர். 1960களில் அங்கு வேலை தொடங்கியது. 1987 நவம்பர் 7ஆம் தேதி சிங்கப்பூரின் முதல் எம்ஆர்டி ரயில் ஓடியபோது இருந்த ஐந்து நிலையங்களில் தோ பாயோவும் ஒன்று. உணவங்காடி, ஈரச்சந்தை, நூலகம், கழகத்தின் தலைமையகம் எல்லாம் நடக்கிற தூரத்தில். லோரோங் 6-இல் உள்ள டிராகன் விளையாட்டு மைதானத்தை நேரில் பார்க்காதவர்களும் இன்ஸ்டகிராமில் பார்த்திருப்பார்கள்.

பொங்கோலின் கதை வேறு. 1996ல் அன்றைய பிரதமர் கோ சோக் தோங் "பொங்கோல் 21" திட்டத்தை அறிவித்தார். அடுத்த ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி வந்ததில் வேகம் குறைந்தது. 2003ல் வடக்கு-கிழக்கு ரயில் பாதை வந்தது. 2011ல் 4.2 கிலோமீட்டர் நீர்வழி திறக்கப்பட்டது. அதன் பிறகுதான் பொங்கோல் இப்போது நமக்குத் தெரிந்த பொங்கோல் ஆனது. 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் நிலையமும் திறந்தாகிவிட்டது.

ஆக, ஒரு நகரில் உங்கள் பெற்றோரைவிட மூத்த வீடுகள் இருக்கின்றன. இன்னொன்றில் பெரும்பாலான வீடுகள் உங்களைவிட இளையவை. இந்த வயது வித்தியாசம் வெறும் பெயின்ட், குழாய் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

95 என்ற எண்

கழக வீடுகளின் குத்தகைக் காலம் 99 ஆண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். 2019 மே மாதத்திலிருந்து நடப்பில் இருக்கும் விதிமுறை பலருக்குத் தெரிவதில்லை. வீட்டை வாங்குபவர்களில் ஆக இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை மிச்சம் இருக்கவேண்டும். இருந்தால் மத்திய சேமநிதியை முழு வரம்புவரை பயன்படுத்தலாம், கழகக் கடனும் முழு அளவுக்குக் கிடைக்கலாம்.

கணக்கு சுலபம். குத்தகை தொடங்கிய ஆண்டோடு 99ஐக் கூட்டுங்கள். உங்கள் இருவரில் இளையவர் பிறந்த ஆண்டோடு 95ஐக் கூட்டுங்கள். முதல் எண் பெரியதாகவோ சமமாகவோ இருக்கவேண்டும். இன்னும் சுருக்கமாகச் சொன்னால், வீடு உங்களைவிட நாலு வயது மூத்ததாக இருக்கலாம். அதற்கு மேல் மூத்தது என்றால் கவனம் தேவை.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் 1995ல் பிறந்தவர், மற்றவர் 1998. கணக்குக்கு 1998தான். அப்படியென்றால் 1994க்குப் பிந்திய குத்தகையாகவோ 1994ஆகவோ இருக்கவேண்டும். 2004ல் குத்தகை தொடங்கிய பொங்கோல் வீடு 2103 வரை ஓடும், பிரச்சினையே இல்லை. 1969ல் தொடங்கிய தோ பாயோ வீடு 2068ல் முடிந்துவிடும். அப்போது இளையவருக்கு வயது 70.

அதற்காக அந்த வீட்டை வாங்கவே முடியாது என்றில்லை. சேமநிதியிலிருந்து எடுக்கக்கூடிய தொகை விகிதப்படி குறையும். கழகக் கடனும் குறையும். வருமானத்துக்கேற்பத் தரப்படும் மேம்படுத்தப்பட்ட வீட்டு மானியமும் குறையும். 2024 ஆகஸ்டில் அந்த மானியத்தின் உச்ச வரம்பு தம்பதிகளுக்கு 120,000 வெள்ளியாக உயர்ந்தது. அதில் ஒரு பகுதி போனாலும் அது சின்னத் தொகை இல்லை. இப்படி விடுபடும் இடைவெளியை யார் நிரப்புவது? உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கும் ரொக்கம்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1969 வீட்டை 1970ல் பிறந்த உங்கள் அம்மா தம் பெயரில் வாங்கினால் அவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவருக்கு 95 ஆகும்போது 2065. "எங்க காலத்துல பழைய வீடுதான் வாங்கினோம், என்ன குறைஞ்சு போச்சு" என்று பெரியவர்கள் சொல்லும்போது அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய கணக்கு வேறு.

"பழைய வீடுன்னா என்ன, ஒருநாள் அரசாங்கம் எடுத்துக்கிட்டு புதுசு குடுக்கும்" என்ற நம்பிக்கையும் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தெரிவுசெய்யப்பட்ட ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தைத்தான் சொல்கிறார்கள். 1995ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அதுவரை சுமார் 4 விழுக்காட்டு வீடுகள்தான் சேர்க்கப்பட்டிருந்தன என்று 2017லேயே அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் எச்சரித்தார். குத்தகை முடிந்தால் வீடு கழகத்திடம் திரும்பிப் போய்விடும். அந்த நம்பிக்கைக்கு என்று தனியாக விலை கொடுக்காதீர்கள்.

தோ பாயோ என்றாலே பழசு என்றும் நினைத்துவிட வேண்டாம். கழகத்தின் கணக்கில் உட்லீ நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பிடாடாரியும் தோ பாயோ நகரில் சேர்ந்ததுதான். அங்குள்ள வீடுகள் அண்மையில் கட்டப்பட்டவை. ஆனால் நகரின் நடுப்பகுதி, புது வீடு, நீண்ட குத்தகை என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் விலை எங்கேயோ போய்விடும். ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டிய மறுவிற்பனைகள் தோ பாயோவில் பலமுறை பதிவாகியிருக்கின்றன.

வாங்குவது சரி, யாருக்கு விற்பீர்கள்?

இது நம்மைப் போன்ற சிறுபான்மையினர் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி. 1989 மார்ச் முதல் நடப்பில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் அக்கம்பக்கத்திலும் ஓர் இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு உண்டு. இந்தியர்/மற்றவர் பிரிவுக்கு 2010ல் வரம்பு உயர்த்தப்பட்டது. இப்போது அக்கம்பக்கத்துக்கு 12 விழுக்காடு, புளோக்குக்கு 15 விழுக்காடு. சீனர்களுக்கு 84, 87. மலாய்க்காரர்களுக்கு 22, 25.

வாங்கும்போது இது எப்படித் தடுக்கும் என்பது பலருக்குப் பழக்கம். இந்தியர் வரம்பு நிறைந்துவிட்ட புளோக்கில் நீங்கள் இன்னோர் இந்தியர்/மற்றவர் பிரிவு உரிமையாளரிடமிருந்துதான் வாங்க முடியும். சீன உரிமையாளரின் வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் கிடைக்காது.

விற்கும்போது நடப்பதை யோசிப்பவர்கள் குறைவு. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள சீன உரிமையாளர் தம் வீட்டை இன்னொரு சீனருக்கு விற்கலாம். நீங்கள் விற்க முடியாது. மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் இவர்களில் ஒருவர்தான் உங்களிடமிருந்து வாங்க முடியும். சிங்கப்பூரில் வீடு தேடுபவர்களில் பெரும்பாலானோர் சீனர்கள். அவர்கள் எல்லாரும் உங்கள் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டால் வீடு விற்க நாளாகும், விலையும் இறங்கக்கூடும்.

எனவே ஒரு வீடு பக்கத்து புளோக்கைவிட மலிவாகக் கிடைக்கிறது என்றால் சந்தோஷப்படும் முன் ஏன் என்று கேளுங்கள். விற்பவர் சிறுபான்மையினராகவும் புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்தும் இருந்தால் காரணம் அதுதான். இன்று உங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியை நாளைக்கு உங்களிடமிருந்து வாங்குபவரும் கேட்பார். வாழ்நாள் முழுக்க அங்கேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் அது நல்ல பேரம். ஐந்து ஆண்டு குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்ததும் பெரிய வீட்டுக்கு மாறுவது உங்கள் திட்டம் என்றால் எனக்கு அது நல்ல பேரமாகத் தெரியவில்லை.

2022 ஜனவரியிலிருந்து ஓர் உதவி உண்டு. இந்த வரம்பால் விற்க முடியாமல் சிரமப்படும் சிறுபான்மையினர், குறைந்தது 10 ஆண்டு வீட்டை வைத்திருந்து, ஆறு மாதம் உண்மையாகவே விற்க முயன்றிருந்தால், கழகமே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வதைப் பரிசீலிக்கும். ஆனால் ஐந்து ஆண்டில் மாறப் போகிறவருக்கு அது உதவாது.

இந்த வரம்பு தோ பாயோவில் இப்படி, பொங்கோலில் அப்படி என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே சாலையில் எதிரெதிர் புளோக்குகளிலேயே நிலவரம் மாறலாம்.

தினசரி வாழ்க்கை

தேக்காவுக்கு அடிக்கடி போகிறவரா? வரைபடத்தில் தோ பாயோ பக்கம். ஆனால் நியூட்டனில் இறங்கி டௌன்டவுன் பாதைக்கு மாறவேண்டும். பொங்கோலிலிருந்து பத்து நிலையம், இருந்தாலும் ரயில் மாறாமல் நேரே லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். தீபாவளிக் கூட்டத்தில் இரண்டு கையிலும் பையோடு வரும்போது இதன் அருமை தெரியும்.

பொங்கோலின் பலவீனமும் அதே பாதைதான். இலகு ரயில் உங்களை அங்கேதான் கொண்டுபோய் விடும். 2025 ஆகஸ்ட் 12ஆம் தேதி மின்கோளாறால் வடக்கு-கிழக்குப் பாதையும் செங்காங்-பொங்கோல் இலகு ரயிலும் ஒரே நேரத்தில் தடைபட்டதை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குறுக்குத் தீவுப் பாதையின் பொங்கோல் நீட்டிப்பு 2032ல் வரும் என்று திட்டம். அதுவரை, நீங்கள் பார்க்கும் வீட்டிலிருந்து எம்ஆர்டிக்கு நடக்க முடியுமா, இலகு ரயில் ஏறவேண்டுமா என்பது பெரிய வித்தியாசம். வார நாளில் காலை 8 மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லா நிலையமும் அழகாகத்தான் இருக்கும்.

தோ பாயோவின் பழைய புளோக்கில் மின்தூக்கி உங்கள் மாடியில் நிற்கிறதா என்று பாருங்கள். தள்ளுவண்டியில் பிள்ளை, முழங்கால் வலியோடு பாட்டி என்று வீடு நிறையும்போது அரை மாடி ஏறுவதே பெரிய வேலை. பொங்கோலில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பாய லேபார் விமானத்தளத்தின் போர் விமானச் சத்தம் உங்களுக்குச் சரிப்படுமா என்று தெரியும். அந்தத் தளம் 2030களில் இடம் மாறும்.

கோயிலா? தோ பாயோ லோரோங் 8-இல் வைராவிமட காளியம்மன் ஆலயம் இருக்கிறது. பொங்கோல்வாசிகளுக்குப் பக்கத்தில் செங்காங்கின் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம்.

பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்பதற்குப் பண மதிப்பே உண்டு. அவர்கள் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கினால் அருகாமை வீட்டு மானியம் 20,000 வெள்ளி. அவர்களோடு சேர்ந்தே வசித்தால் 30,000. பீஷானில் பெற்றோர் இருந்தால் தோ பாயோவுக்கு ஒரு புள்ளி. செங்காங் என்றால் பொங்கோலுக்கு. ஈசூன் என்றால் இரண்டுமே தூரம்தான், அந்த மானியத்தை மறந்துவிடலாம். நாளைக்குப் பிள்ளையைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போவது யார் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

கையில் எவ்வளவு ரொக்கம்?

வீடு பார்க்கக் கிளம்பும் முன்னரே கழகத்தின் வீட்டுத் தகுதிக் கடிதத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். எவ்வளவு கடன், எவ்வளவு மானியம் என்று அதில் தெரியும். விற்பவர் உங்களுக்கு விருப்ப உரிமைப் பத்திரம் தருவதற்குள் அந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கவேண்டும்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கழகம் வீட்டை மதிப்பிடுவது நீங்கள் விலை பேசி, 1,000 வெள்ளிக்குள் முன்பணம் கொடுத்துப் பத்திரத்தைப் பெற்ற பிறகுதான். பேசிய விலை 650,000, மதிப்பீடு 620,000 என்று வந்தால் மிச்ச 30,000 வெள்ளியை ரொக்கமாகத்தான் கொடுக்கவேண்டும். சேமநிதியும் கடனும் அதற்கு உதவாது. முடிவெடுக்க உங்களுக்கு 21 நாள் இருக்கும். வேண்டாம் என்று விட்டுவிட்டால் முன்பணம் மட்டும் போகும். 30,000 வெள்ளி கையில் இல்லாத நேரத்தில் அதுவே மலிவு.

கழக இணையத்தளத்தில் புளோக் எண்ணைத் தட்டினால் குத்தகை தொடங்கிய ஆண்டும் இன வரம்பு நிலவரமும் இலவசமாகத் தெரியும். இந்தியர் வரம்பை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், சீனர் வரம்பையும் பாருங்கள். அந்த நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மாறும். 28ஆம் தேதி வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போய் 3ஆம் தேதி கையெழுத்துப் போடப்போகிறீர்கள் என்றால், அன்று காலை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.