பேரப்பிள்ளையைப் பார்த்தாலும் பென்சன் கணக்கில் சேரும்



"சும்மாதான் இருக்கேன், பேரப்பிள்ளையப் பாத்துக்கிட்டு" என்று குழுக் கூட்டத்தில் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது சும்மா இருப்பதா? பிரிட்டன் நாட்டில் அதையும் பென்சனுக்குக் கணக்கில் எடுக்கிறார்கள்.

அங்கே சம்பளத்தில் தேசிய காப்பீடு என்று பிடித்தம் உண்டு. புதிய அரசு பென்சன் முழுசாகக் கிடைக்க பொதுவாக 35 வருடக் கணக்கு வேண்டும். 10 வருடமாவது இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. மகள் வேலைக்குப் போக, பாட்டி வேலையை விட்டுக் குழந்தையைப் பார்த்தால், பாட்டி கணக்கில் வருடம் குறையுமே?

இதற்கு 2011 ஏப்ரலில் வழி செய்தார்கள். குழந்தை உதவித்தொகை பெறும் தாய்க்குக் காப்பீட்டு வரவும் சேரும். சம்பளப் பிடித்தத்திலேயே அந்த வருடம் நிறைந்துவிட்டால், அந்த வரவைப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ மாற்றித் தரலாம்.

கவனிக்க வேண்டியவை:

* குழந்தை 12 வயதுக்குள் இருக்கணும்.
* பாட்டி பென்சன் வயதை எட்டாதவராக, அந்த நாட்டிலேயே குடியிருப்பவராக இருக்கணும்.
* தாய், பாட்டி இருவரும் விண்ணப்பத்தில் கையெழுத்திடணும்.
* எத்தனை பேரப்பிள்ளை ஆனாலும் ஒரு தாயிடமிருந்து ஒரு வரவுதான்.

இது தானாக வராது, கேட்டுத்தான் வாங்கணும். 2011 முதல் விட்டுப்போன வருடங்களுக்கும் கேட்கலாம்.

இந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது. ஆனால் ஒன்றை யோசிப்போம். வீட்டில் பாட்டி இல்லாவிட்டால் நாம் வேலைக்கும் கூட்டத்துக்கும் போக முடியுமா? இனி எந்தப் பாட்டியும் "சும்மா இருக்கேன்" என்று சொல்ல வேண்டாம்!