பக்கத்தில் அமர்ந்தவருக்கு ஒரு மண்டபம்

பெங்களூரில் மல்லேசுவரம் பக்கம் வேலைக்குப் போய்வரும் நம்மவர்கள், வயாலிகாவலில் உள்ள பிடில் வடிவக் கட்டடத்தை நிச்சயம் பார்த்திருப்பார்கள். தந்தி, முறுக்காணி, வில் எல்லாம் அமைத்து 1980-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அந்த மண்டபம், 1967-இல் காலமான பிடில் மேதை மைசூர் டி. சௌடையாவின் நினைவாக எழுந்தது. ஆயுள் முழுவதும் பிறர் பாட்டுக்குப் பக்கபலமாக வாசித்தவருக்கு இத்தகைய பெருமை கிடைப்பது அபூர்வம்.

கச்சேரி நோட்டீசில் பாடகர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். பிடிலும் மிருதங்கமும் அதற்குக் கீழேதான். பாடகர் ராகத்தை விரித்தால் பிடில்காரர் நிழல்போல் தொடர வேண்டும். பாடகர் மூச்சு வாங்கினால், சபைக்குத் தெரியாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். நல்ல நண்பர் செய்வதும் இதுதானே?

திருமகூடலு நரசீபுரத்தில் பிறந்த சௌடையா, மைசூரில் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் பல ஆண்டுகள் குருகுலவாசம் செய்தவர். மைக் பரவலாகாத காலம் அது. பெரிய பந்தலில் பின்வரிசையில் இருப்பவருக்குப் பிடில் நாதம் எட்டுவது கடினம். 1927-இல், வழக்கமான நான்கு தந்திகளோடு மேலும் மூன்றைச் சேர்த்து ஏழு தந்திப் பிடிலை அவர் உருவாக்கினார். நாதம் கம்பீரமாக ஒலித்தது. மண்டபத்தின் முகப்பில் நாம் காண்பதும் அந்த ஏழு தந்திப் பிடிலைத்தான்.

செம்பை வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரலுக்கு அந்தப் பிடில் சரியான ஜோடியாக அமைந்தது. பாகவதர் பாலக்காட்டுச் சீமைக்காரர்; சௌடையா கன்னட நாட்டவர். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கமும் சேர்ந்துவிட்டால் ரசிகர்களுக்கு விருந்துதான். 1943-இல் சௌடையா தயாரித்த 'வாணி' என்ற கன்னடப் படத்திலும் இம்மூவரின் கச்சேரி இடம்பெற்றது. 1957-இல் சென்னை மியூசிக் அகாடமி, சௌடையாவுக்குச் 'சங்கீத கலாநிதி' பட்டம் அளித்துப் பெருமை கொண்டது.

மூவரில் முதலில் மறைந்தவர் சௌடையா. பாகவதர் 1974-இலும், மணி ஐயர் 1981-இலும் காலமானார்கள். இன்று அந்த மண்டபத்தில் எந்த ஊர்ப் பாடகர் பாடினாலும், எந்த மொழியில் நாடகம் நடந்தாலும், நோட்டீசில் சௌடையாவின் பெயரும் வந்துவிடுகிறது.

பிழைப்புக்காக வந்த ஊரில் நமக்குக் கைகொடுத்தவர்களும் இப்படிப் பக்கத்தில் இருந்தவர்கள்தாம். அவர்களுக்கு மண்டபம் கட்ட நம்மால் இயலாது. ஆனால், அவர்கள் பெயரைச் சொல்லி நம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம். அதற்குக் காசு செலவில்லை.