லத்தீனில் பீட்ஸா

நேபிள்ஸ் நகரத்து வீதிகளில் விற்கும் பீட்ஸாவை லத்தீன் பாஷையில் எப்படிச் சொல்வது? குழந்தைக்கும் தெரிந்த பண்டத்துக்குப் பண்டிதர்கள் பெயர் தேடுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். வாடிகனில் லத்தீன் இன்றும் உத்தியோக பாஷை. 2013-ல் போப் பதினாறாம் பெனடிக்ட் தாம் பதவி துறப்பதை அறிவித்ததும் லத்தீனிலேதான். எழுதவும் பேசவும் வேண்டுமானால் இக்காலத்துச் சொற்களும் வேண்டுமல்லவா? அதற்காக, 1976-ல் போப் ஆறாம் பால் நிறுவிய லத்தீன் ஸ்தாபனத்தார் ஓர் அகராதி தயாரித்து, 1992-லும் 1997-லும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார்கள்.

அதில் பீட்ஸாவுக்குத் தந்திருக்கும் பெயர், 'பிளாசெந்தா கோம்ப்ரெஸ்ஸா'. அதாவது, அமுக்கிய பணியாரம்!

பிளாசெந்தா என்பது பழைய ரோமாபுரிப் பண்டம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே கேட்டோ என்ற பெரியவர் தமது விவசாய நூலில் அதன் பக்குவத்தை எழுதியிருக்கிறார். மாவுத் தகடுகளுக்கிடையே ஆட்டுப்பால் பாலாடைக் கட்டியும் தேனும் வைத்து அடுக்கிச் சுட வேண்டும். ஆகவே அது தித்திப்பு. பீட்ஸாவோ உப்பும் புளிப்பும். போதாக்குறைக்கு, 1559-ல் ரியால்டோ கொலம்போ என்ற உடற்கூறு சாஸ்திரி, நஞ்சுக்கொடியின் தட்டை வடிவத்தைக் கண்டு அதற்கும் இப்பெயரையே சூட்டிவிட்டார். வைத்திய மாணவனிடம் பிளாசெந்தா சாப்பிடுகிறாயா என்று கேட்டால் அவன் முகம் எப்படிக் கோணும்!

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கயேத்தா நகரில் கி.பி. 997-ல் எழுதிய பத்திரம் ஒன்று, குத்தகைக்காரர் பிஷப்புக்குக் கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டும் ஈஸ்டருக்குப் பன்னிரண்டும் பீட்ஸா கொடுக்க வேண்டுமென்று விதிக்கிறது. (அதன்மேல் தக்காளி இருந்திராது, தக்காளி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே பதினாறாம் நூற்றாண்டில்தான்.) பத்திரத்தின் பாஷை லத்தீன்! 'ஆ'வில் முடியும் சொல்லாதலால் வேற்றுமை உருபேற்கவும் தடையில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட விருந்தாளியை இப்போது வாசலில் நிறுத்தி ஊர் பேர் விசாரிப்பதா?

லத்தீன் மக்கள் வாயில் வாழ்ந்த காலத்தில் இப்படிக் கூசியதில்லை. முசிறித் துறையிலிருந்து யவனர் மரக்கலத்தில் ஏறிப் போன மிளகுக்கு ரோமர்கள் புதுப்பெயர் கட்டவில்லை. 'பிப்பலி' என்ற நம் நாட்டுச் சொல்லே கிரேக்கர் வழியாகப் போய் அங்கே 'பிபெர்' ஆயிற்று. தமிழில் கலைச்சொல் ஆக்க முனைவோர், அகராதிப் பண்டிதர்களைவிட அந்தப் பழைய ரோமானியச் சமையற்காரர்களையே துணைக்கொள்வது நலம் என்பது நமது அபிப்பிராயம்.

அதே அகராதியில் 'ஹாட் டாக்'குக்குப் பெயர், 'பஸ்தில்லும் போதெல்லோ ஃபார்தும்'. பசியோடு கடை வாசலில் நிற்பவன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பண்டம் ஆறிப்போகும்.