விழக் கற்பிக்கும் ஆசிரியர்

பெங்களூரின் பழைய பேட்டைப் பகுதிகளில் 'கரடி மனை' என்னும் பெயரைக் கேட்கும் தமிழ்ச் சிறுவர்கள் வியப்படைவதுண்டு. காட்டில் வாழும் கரடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கன்னடத்தில் அது மற்போர் பயிலும் கூடத்தைக் குறிக்கும். தமிழிலும் 'கரடிக்கூடம்' என்னும் பழஞ்சொல் உண்டு. அங்கே இளைஞர்கள் அனுமனை வணங்கிவிட்டுச் செம்மண் களத்தில் இறங்குவர். எண்ணெய் முதலியன சேர்த்துக் கொத்திப் பதப்படுத்திய மண்ணாதலால், விழுபவருக்கு அதிகம் வலிப்பதில்லை. பயிற்சி தருபவரை 'உஸ்தாத்' என்பர். அவரும் ஒரு காலத்தில் அதே மண்ணில் புரண்ட பயில்வானே ஆவார்.

களத்தில் நின்றவரே பின்னர் ஆசிரியராகும் இம்மரபு, தொலைக்காட்சியில் காணும் தொழில்முறை மற்போரிலும் உண்டு. இந்தியாவில் அதற்குச் சிறந்த சான்று, 'தி கிரேட் காளி' எனப் பெயர்பெற்ற தலீப் சிங் ராணா ஆவார்.

இவர் 1972ஆம் ஆண்டு இமாசலப் பிரதேசத்தின் திரைனா என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். உடல் வளர்ச்சியைத் தூண்டும் சுரப்பியில் ஏற்பட்ட கோளாற்றால் 7 அடிக்கும் மேல் வளர்ந்தார். சிம்லாவில் காவலாளியாகப் பணிபுரிந்தவருக்குப் பஞ்சாப் காவல்துறையில் வேலை கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தொழில்முறை மற்போர் பயின்றார். 2006இல் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தின் மேடையேறி, மறு ஆண்டே அதன் உலகப் பட்டத்தை வென்றார். ஆயினும் பேருடல் அவருக்கு வரமாகவும் சுமையாகவும் இருந்தது. முழங்கால்கள் தளர்ந்தன. அவரது அசைவு மெதுவானது என்று ரசிகர்களே குறை கூறினர். 2012இல் மூளையின் அடிப்பகுதியில் உள்ள அச்சுரப்பியில் வளர்ந்த கட்டியை அறுவை செய்து அகற்ற நேர்ந்தது.

2014இல் அந்நிறுவனத்தை விட்டு விலகிய காளி, 2015இல் ஜலந்தரில் ஒரு மற்போர்ப் பள்ளியைத் தொடங்கினார். அவர் வென்ற பட்டத்தைவிட இப்பள்ளியே பெரிது எனலாம். முன்பு, இக்கலையைப் பயில அவர் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது அன்றோ?

தொழில்முறை மற்போரில் யார் வெல்வார் என்பது முன்னரே முடிவு செய்யப்படும். ஆனால் விழுவது பொய்யன்று. மேடையின் விரிப்புக்கு அடியில் மெல்லிய பஞ்சுத் தகடும், அதற்குக் கீழே மரப்பலகைகளுமே உள்ளன. கரடி மனையின் மென்மண் அங்கில்லை. ஆகவே, இத்தகைய பள்ளிகளில் முதற்பாடம் அடிப்பதன்று, விழுவது. மல்லாந்து விழும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லையெனில் பின்தலை பலகையில் மோதும். தாங்கிக்கொள்ளும் எண்ணத்துடன் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு முறியும். முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் படுமாறு விழுந்து, விரித்த கைகளால் தரையை அறைந்தால், அடியின் விசை பரவிக் குறையும். தொலைக்காட்சியில் கேட்கும் பேரொலிக்கு இந்த அறைதலும் ஒரு காரணம். தூக்கி எறிபவருக்கோ மற்றொரு பாடம் உண்டு: எறியப்படுபவரின் கழுத்து அவரது பொறுப்பில் உள்ளது.

ஜலந்தரில் இப்பாடங்களைக் கற்றவர்களுள் ஒருவர் அரியானாவைச் சேர்ந்த கவிதா தேவி. 2016ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பளுதூக்கலில் தங்கம் வென்றவர் அவர். பளுவைத் தூக்கப் பழகிய உடல், தன்னைப் பிறர் தூக்கி எறிய இடம் கொடுக்கப் பழகியது. 2017இல் அமெரிக்காவில் நடந்த மகளிர் போட்டித் தொடரில், சல்வார் கமீசு அணிந்து அவர் மேடையேறினார். டபிள்யூ.டபிள்யூ.இ. மேடையில் மற்போர் புரிந்த முதல் இந்தியப் பெண் அவரே. முதற்சுற்றில் தோற்றார், அதே ஆண்டில் அந்நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது.