எட்டாம் வகுப்பிலிருந்து கம்பியாள் வரை

ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டவரும் பத்தாம் வகுப்பில் தவறியவரும் சேரக்கூடிய இரண்டாண்டுப் பயிற்சிகளில் ஒன்று, தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்பிக்கப்படும் கம்பியாள் பிரிவு. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் ஒரே பாடத்திட்டத்தில் இது நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் இதன் பொறுப்பு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையிடம் இருக்கிறது. இந்த நிலையங்களை ஐடிஐ என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒருவர் எந்த வரிசையில் தொழிலாளி ஆகிறார் என்பதைத் தொடக்கம் முதல் இங்கே பார்க்கலாம். அந்த வரிசையில் ஒவ்வொரு கட்டமும் ஒரு சோதனையில் முடிகிறது. பெரும்பாலான சோதனைகளில் தீர்ப்புச் சொல்வது மீட்டரின் முள்.

1. சேர்க்கை

தேவையான கல்வித்தகுதி எட்டாம் வகுப்புத் தேர்ச்சி. குறைந்தபட்ச வயது 14. ஒன்பதிலோ பத்திலோ நின்றவரிடம் எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கான சான்று ஏற்கெனவே இருக்கும். பத்தில் தவறிய பாடங்களை முதலில் எழுதித் தேறிவிட்டு வா என்று யாரும் திருப்பி அனுப்புவதில்லை. எட்டுக்கு முன்பே நின்றவர், பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால், அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்கு நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வை ஐந்து பாடங்களிலும் எழுதி அந்தச் சான்றைப் பெறலாம்.

விண்ணப்பம் இணையவழியில் பதிவாகிறது. மதிப்பெண், இட ஒதுக்கீடு, விருப்பப் பிரிவு ஆகியவற்றை வைத்துக் கலந்தாய்வில் இடம் ஒதுக்குகிறார்கள். அரசு நிலையத்தில் சேர்ந்தவருக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பேருந்துப் பயண அட்டை, சீருடை, காலணி, பாடநூல், வரைபடக் கருவிகள் ஆகியவையும் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு, பெண்களாயின் புதுமைப் பெண் திட்டத்திலும் ஆண்களாயின் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேர்கிறது.

2. பாதுகாப்பும் கருவிகளும்

முதல் நாள்களில் யாரும் கம்பியைத் தொடுவதில்லை. மின்சாரம் தாக்கியவரை உலர்ந்த மரக்கட்டையால் விலக்குவது, மெயின் சுவிட்சை அணைப்பது, மார்பை அழுத்தி முதலுதவி செய்வது, மின் தீயில் தண்ணீரை ஊற்றாமல் கரியமில வாயு அணைப்பானையோ உலர்பொடி அணைப்பானையோ பயன்படுத்துவது ஆகியவற்றைச் செய்து பழகுகிறார்கள்.

அடுத்து கருவிப் பெட்டி. கட்டிங் பிளேயர், மூக்குப் பிளேயர், திருப்புளிகள், கம்பியுரிப்பான், சுத்தியல், ஹேக்ஸா, துளையிடும் கருவி, டெஸ்டர் ஆகிய ஒவ்வொன்றையும் பிடிக்கும் முறையும் பராமரிக்கும் முறையும் தனித்தனிப் பயிற்சிகள். முதல் ஆண்டின் 1,200 மணி நேரத்தில் 840 மணி நேரம் செய்முறைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தொழிற்கோட்பாட்டுக்கு 240 மணி, வேலைவாய்ப்புத் திறன்களுக்கு 120 மணி. வகுப்பறையில் உட்கார முடியாமல் வெளியேறியவருக்கு இந்தப் பங்கீடு பொருத்தமானது. பகலின் பெரும்பகுதியை அவர் நின்று வேலை செய்தே கழிக்கிறார்.

3. இணைப்பு

மின்பணியின் முதல் எழுத்து, இரண்டு கம்பிகளை ஒன்றாக்குவது. உறையை நீக்குவதில் பாடம் தொடங்குகிறது. கத்தியைச் செங்குத்தாக வைத்துச் சுற்றி வெட்டினால் செம்பில் கீறல் விழும். கம்பி பிறகு அந்த இடத்தில்தான் ஒடியும். ஆகவே பென்சில் சீவுவதைப் போலக் கத்தியைச் சாய்த்து உறையைச் சீவுகிறார்கள். பிறகு செம்பின் மேல் படிந்த களிம்பை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள்.

எளியது முறுக்கிணைப்பு. இரண்டு முனைகளையும் இணையாகப் பிடித்துப் பிளேயரால் முறுக்கினால் முடிந்தது. இது இழுவிசையைத் தாங்காது. அதனால் இதன் இடம் குழாய் வயரிங்கின் சந்திப்புப் பெட்டி. அடுத்தது ஏழு இழைக் கம்பிக்கான மேரீடு இணைப்பு. இரு முனைகளிலும் இழைகளைப் பிரித்து நேராக்கி, நடு இழையை வெட்டிவிட்டு, மீதி இழைகளை இரு கை விரல்களைக் கோப்பதுபோல ஒன்றுக்குள் ஒன்று செலுத்தி, ஒவ்வோர் இழையையும் எதிர்ப்பக்கக் கம்பியின் மேல் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். மூன்றாவது, தடித்த ஒற்றைக் கம்பிக்கான பிரிட்டானியா இணைப்பு. இரண்டு கம்பிகளின் நுனிகளையும் செங்கோணத்தில் மடக்கி, பக்கம் பக்கமாக வைத்து, மெல்லிய செப்புக் கம்பியால் இடைவெளியில்லாமல் சுற்றிக் கட்டுகிறார்கள். இழுவை தாங்க வேண்டிய மேல்நிலைக் கம்பிகளுக்கு இது உரியது.

சுற்றிய இணைப்பைச் சால்டரிங் செய்து முடிக்க வேண்டும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த சால்டர் 190 பாகை செல்சியஸை ஒட்டி உருகும். சூட்டுக்கோலால் சால்டரைத் தொட்டு உருக்கிச் சொட்டவிட்டால் அது மேலே முத்தாக நின்றுவிடும். கோலால் கம்பியைச் சூடாக்கி, சூடான கம்பியின் மேல் சால்டரை வைத்தால் இழைகளுக்கிடையில் தானே ஊறி இறங்கும். ஆறிய பின் மல்டிமீட்டரை வைக்கிறார்கள். தொடர்ச்சியை உணர்த்தும் ஒலி எழுந்து, தடை ஏறத்தாழச் சுழியாக இருந்தால் இணைப்பு தேறியது. இல்லையென்றால் வெட்டியெறிந்துவிட்டு மீண்டும் உறையை நீக்குவதிலிருந்து தொடங்க வேண்டும்.

4. பலகை

இணைப்பில் தேறியவர் மரப்பலகைக்கு வருகிறார். ஒரு சுவிட்ச், ஒரு விளக்கு. இந்த முதல் சுற்றிலேயே மாறாத விதி ஒன்று பதிகிறது: சுவிட்ச், மின்சாரம் வரும் பேஸ் கம்பியில்தான் வர வேண்டும். அது திரும்பிச் செல்லும் நியூட்ரலில் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைந்த விளக்கின் ஹோல்டரில் மின்னழுத்தம் நிற்கும். சரியாக எரிகிறது என்பதும் சரியாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல என்பதை டெஸ்டர் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது பலகையில் ஒரே வாட் கொண்ட இரண்டு விளக்குகள், முதலில் தொடராக, பிறகு இணையாக. தொடரில் இரண்டும் மங்கலாக எரியும். 240 வோல்ட் இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் 120 கிடைக்கிறது. இணையில் இரண்டும் முழு ஒளியில் எரியும். மூன்றாவது மாடிப்படி வயரிங். மூன்று முனைகள் கொண்ட இருவழி சுவிட்சுகள் இரண்டு தேவை. பேஸ் கம்பி முதல் சுவிட்சின் பொது முனைக்கு வருகிறது. மற்ற இரு முனைகளிலிருந்து இரண்டு கம்பிகள் மேல்மாடிச் சுவிட்சின் இரு முனைகளுக்குப் போகின்றன. அந்தச் சுவிட்சின் பொது முனையிலிருந்து விளக்கு. மொத்தம் நான்கு நிலைகள். இரண்டில் விளக்கு எரியும், இரண்டில் அணையும். கீழே போட்டு மேலே அணைக்கும் வசதி முழுவதும் இந்த இரண்டு நடுக் கம்பிகளால் வருகிறது.

முடிந்த பலகையை நேரடியாக மின்சாரத்தில் சேர்ப்பதில்லை. முன்னால் சீரிஸ் விளக்கு ஒன்றை இணைக்கிறார்கள். எங்காவது கம்பிகள் முட்டிக்கொண்டிருந்தால் அந்த விளக்கு முழு ஒளியில் எரியும். ஃபியூஸ் போகாமல், பொறி பறக்காமல் பிழை வெளிப்படுகிறது.

கோட்பாட்டு வகுப்பில் ஓம் விதி வருவதும் இந்தக் கட்டத்தில்தான். இஸ்திரிப் பெட்டியின் தகட்டில் 240 வோல்ட், 1,000 வாட் என்று எழுதியிருந்தால் அது எடுக்கும் மின்னோட்டம் 4.17 ஆம்பியர், அதன் தடை 57.6 ஓம். தாளில் கணக்கிட்டுவிட்டுப் பெட்டியின் பிளக்கில் மீட்டரை வைத்தால் அதற்கு நெருங்கிய எண் கிடைக்கும். பள்ளியில் விட்டுப்போன வகுத்தலும் பின்னமும் ஒரு பயன்பாட்டோடு திரும்பி வருகின்றன.

5. வீட்டு வயரிங்

பலகையிலிருந்து பயிற்சிச் சுவருக்கு மாறும்போது வேலை வரைபடத்தில் தொடங்குகிறது. அறையின் படத்தை அளவுப்படி வரைந்து, விளக்கு, மின்விசிறி, பிளக் ஆகியவற்றின் இடங்களைக் குறித்து, குழாயின் நீளத்தைக் கூட்டி, கம்பிக்குப் பத்து சதவீதம் சேர்த்துப் பொருள் பட்டியல் போடுகிறார்கள். பட்டியலில் இல்லாத பொருள் கிடங்கிலிருந்து வராது.

பிறகு சுவரில் டியூப் லெவல் வைத்துத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுவிட்ச் பெட்டிகளுக்குக் குறியிடுகிறார்கள். சாயநூல் அடித்துக் கோடு விழுந்த பிறகு சுவரை வெட்டி, பிவிசி குழாயைப் பதிக்கிறார்கள். வளைவு வேண்டிய இடத்தில் குழாய்க்குள் ஸ்பிரிங்கைச் செலுத்தி வளைத்தால் குழாய் நசுங்காது. பூச்சு காய்ந்த பிறகே கம்பி இழுக்கப்படுகிறது. குழாயின் உள்ளிடத்தில் 40 சதவீதத்துக்கு மேல் கம்பி அடைத்தால் வெப்பம் வெளியேறாது.

விளக்குச் சுற்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. ஒரு சுற்றில் பத்து முனைகள் அல்லது 800 வாட், அதற்கு மேல் கூடாது. கனத்த கருவிகளுக்கான பவர் சுற்றில் இரண்டு முனைகள் மட்டுமே; கம்பியும் அதற்கேற்பத் தடிமனாகும். பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. எல்லாச் சுற்றுகளும் பகிர்வுப் பெட்டியில் கூடுகின்றன. அங்கே மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் எம்சிபி சுற்றுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் முன்னால் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்சிசிபி.

6. எர்த்

கட்டடத்திலிருந்து 1.5 மீட்டராவது தள்ளிக் குழி தோண்டுகிறார்கள். 2.5 மீட்டர் நீளமும் 38 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் 12 மில்லிமீட்டர் துளைகள் இடப்பட்டிருக்கும். அதை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் மரக்கரி ஓர் அடுக்கு, உப்பு ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றி நிரப்புகிறார்கள். கரி ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. உப்பு மண்ணின் தடையைக் குறைக்கிறது. மேலே புனலும் வலையும் பொருத்தி, சிமெண்ட் தொட்டி கட்டி மூடி போடுகிறார்கள். கோடையில் புனல் வழியாக ஊற்றும் தண்ணீர் குழாயின் துளைகளால் எல்லா அடுக்குகளுக்கும் இறங்குகிறது.

7. அளந்து ஒப்படைத்தல்

மின்சாரம் கொடுக்கும் முன் மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். முதலாவது காப்புத்தடை. 500 வோல்ட் மெக்கரின் ஒரு முனையைக் கம்பிகளுக்கும் மறு முனையை எர்த்துக்கும் கொடுத்துச் சுழற்றினால் ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. பிறகு விளக்குகளைக் கழற்றிவிட்டு, சுவிட்சுகளைப் போட்ட நிலையில், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அதே சோதனை. இரண்டாவது எர்த் கம்பியின் தொடர்ச்சி. ஒவ்வொரு பிளக்கின் எர்த் முனையிலிருந்தும் தொட்டி வரை பார்க்கிறார்கள். மூன்றாவது எர்த்தின் தடை. எர்த் குழாயும் இரண்டு முளைகளும் ஒரே நேர்கோட்டில் அமைய, எர்த் டெஸ்டரால் அளக்கிறார்கள். மின்சாரம் வந்த பிறகு நான்காவதாக ஒன்று: எல்லாச் சுவிட்சுகளும் பேஸில் இருக்கின்றனவா என்று டெஸ்டரால் சரிபார்ப்பது. அளவுகள் பயிற்சிப் பதிவேட்டில் ஏறிய பின்னரே பயிற்றுநர் கையெழுத்திடுகிறார்.

8. இரண்டாம் ஆண்டு

இங்கிருந்து மூன்று பேஸ். மின்மாற்றி, நிலத்தடிக் கேபிள், கட்டுப்பாட்டுப் பலகை, மோட்டார், பழுது கண்டறிதல் ஆகியவை வரிசையாக வருகின்றன. சிறிய மோட்டாரை நேரடி ஸ்டார்ட்டரில் இயக்கக் கற்றவர், பிறகு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்கு வருகிறார். 415 வோல்ட் இணைப்பில் ஸ்டார் நிலையில் ஒவ்வொரு சுருளுக்கும் 240 வோல்ட்தான் கிடைக்கிறது. தொடங்கும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. மோட்டார் வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாறுகிறது. முதல் ஆண்டின் இருவழி சுவிட்சும் ஓம் விதியும் இதற்குள் இருக்கின்றன. அளவு மட்டும் பெரிதாகியிருக்கிறது. இதனுடன் தொழிற்சாலையிலோ குழுத் திட்டமாகவோ ஆண்டுக்கு 150 மணி நேரப் பணிப்பயிற்சியும் உண்டு.

9. தொழிற்தேர்வு

80 சதவீத வருகை இருந்தால் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதலாம். கோட்பாட்டுத் தேர்வு கணினியில் நடக்கிறது. தேர்ச்சிக்கு 33 சதவீதம் போதும். செய்முறைக்கு 60 வேண்டும். தாளில் கருணையும் கையில் கண்டிப்பும் காட்டும் இந்த அளவுகோல், தொழிலின் இயல்பை அறிந்து வகுக்கப்பட்டது. தேறியவருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் வழங்கப்படுகிறது.

10. மொழித்தாள்கள்

இனிப் பள்ளிச் சான்று. எட்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேறினால், தமிழ்நாட்டில் அவருக்குப் பத்தாம் வகுப்புக்கு இணையான தகுதி கிடைக்கிறது. ஒவ்வொரு தாளிலும் 35 மதிப்பெண் தேவை. கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய மூன்றையும் மீண்டும் எழுத வேண்டியதில்லை. அவற்றின் இடத்தைத் தொழிற்சான்று நிரப்புகிறது.

11. அடுத்த படிகள்

இரண்டு சான்றுகளும் கைக்கு வந்தபின் மூன்று வழிகள் இருக்கின்றன. தொழிற்பழகுநர் சட்டம், 1961-இன் கீழ் ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையுடன் பழகுநர் பயிற்சி பெறுவது ஒன்று. அதன் முடிவில் தேசியப் பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் கம்பியாள் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிப்பது மற்றொன்று. மூன்றாவது கல்வி வழி. பத்தாம் வகுப்புடன் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பள்ளியில் விட்ட இரண்டு ஆண்டுகளில் ஒன்று அங்கே திரும்பக் கிடைத்துவிடுகிறது. டிப்ளமோவின் அடிப்படை மின் செய்முறைகளில் பலவற்றை அவர் ஏற்கெனவே பலகையிலும் சுவரிலும் செய்து, அளந்து, பதிவேட்டில் எழுதி முடித்திருப்பார்.