வீட்டுக் குழாயில் சோடா: கணக்கும் கவனமும்

குளிர்பெட்டியின் கதவில் ஒரு சிறு குழாய். விசையை இழுத்தால் குவளையில் நுரைத்து இறங்கும் சோடா. வீட்டிலேயே இத்தகைய ஏற்பாட்டைச் செய்துகொள்வது குறித்து வாடிக்கையாளர்கள் சிலர் நம்மிடம் வினவுவதுண்டு. தனிநபர் கடனில் வாங்கலாமா என்பதே அவர்களில் பலரின் கேள்வி. அதற்கு விடை கூறுமுன், வாங்கப்படும் பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொள்வது நலம்.

நீரில் கரியமில வாயுவைக் கரைக்கும் வித்தை பழையது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ஒரு மதுவடிப்பாலையின் தொட்டிகளுக்கு மேல் தேங்கிய வாயுவைக் கொண்டு ஜோசப் பிரீஸ்ட்லி 1767-இல் இதனைச் செய்து காட்டினார். கோலிக்குண்டால் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும் புட்டிக்கு ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்றார். அப்புட்டி தில்லியில் ‘பண்டா’ என்றும், தென்னாட்டில் கோலி சோடா என்றும் இன்றளவும் வாழ்கிறது. மும்பையின் பார்சி நிறுவனமான பல்லோன்ஜி 1865 முதல் சோடா தயாரித்து வருகிறது. வீட்டுக் குழாய் அதே தொழிலின் சிற்றுருவமே.

இதன் உறுப்புகள் சில. 19 லிட்டர் கொள்ளும் துருவேறா எஃகுக் கலம், கரியமில வாயு சிலிண்டர், அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர், பிளாஸ்டிக் குழல், இறுதியில் குழாய். நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு வாயுவை ஏற்கும். வெறும் வளிமண்டல அழுத்தத்தில், உறைநிலையில் உள்ள ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 1.7 லிட்டர் வாயுவைக் கரைத்துக்கொள்ளும். 20 பாகை வெப்பத்தில் அது பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே நீரை 4 பாகைக்குக் குளிர்வித்து, சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் தந்தால் நாவில் சுறுசுறுவென ஏறும் சோடா கிட்டும். மகிழுந்துச் சக்கரத்தில் நாம் நிரப்பும் காற்றின் அழுத்தத்தை ஒத்ததே இது. கலத்தை அசைக்காமல் வைத்தால் சில நாட்கள் ஆகும். சாய்த்து உருட்டிக் குலுக்கினால் அரைமணி நேரத்திலேயே பெரும்பகுதி கரைந்துவிடும்.

புதிதாகப் பொருத்துவோர் பெரும்பாலும் ஏமாற்றமடைவது குழலில்தான். ஓரடி, இரண்டடிக் குழலை மாட்டினால் அழுத்தம் முழுதும் குழாயின் வாயில் வெடித்து, குவளை நிறைய நுரையும் உயிரற்ற நீருமே மிஞ்சும். மெல்லிய துளையுடைய குழலை 25 முதல் 30 அடி நீளம் சுருட்டி, குளிர்பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். குழலுக்குள் உராய்ந்து வரும் நீர் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக இழந்து, அமைதியாக இறங்கும். மேலும், சோடா நீர் அமிலத்தன்மை உடையது; செம்பையும் பித்தளையையும் அரித்துத் தன்னுள் கலந்துகொள்ளும். எனவே நீர் தொடும் உறுப்புகள் அனைத்தும் துருவேறா எஃகாகவோ உணவுத் தரப் பிளாஸ்டிக்காகவோ இருத்தல் வேண்டும். பித்தளைக் குழாய்க்கு மேற்பூச்சு இட்டு மலிவாக விற்கப்படுவதை வாங்குவது சிக்கனமாகாது.

இனி, நம் நாட்டு வெயிலுக்கே உரிய ஓர் ஆபத்து. சிலிண்டருக்குள் கரியமில வாயு திரவமாக இருக்கிறது. 20 பாகையில் அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 830 பவுண்டு. 31 பாகையைக் கடந்தால் திரவ நிலை நீடிப்பதில்லை. அழுத்தம் விரைந்து உயரும். நாகபுரியிலும் ஜெய்ப்பூரிலும் மே மாதத்தில் மூடிய மகிழுந்துக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். நிரப்பிய சிலிண்டரை வண்டியிலோ மொட்டை மாடியிலோ விட்டுவைத்தல் கூடாது. எடைக்கு மேல் நிரப்பித் தருவதையும் ஏற்க வேண்டாம். கழுத்தில் பொறித்துள்ள சோதனைத் தேதியைப் பாருங்கள். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம். வாயு உணவுத் தரத்தினதா என்பதையும் கேட்டறிக. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். காற்றோட்டமற்ற சிற்றறையிலும், குழந்தைகள் தரையில் உறங்கும் அறையிலும் சிலிண்டரை வைக்கலாகாது.

சிலிண்டரில் மீதம் எவ்வளவு என்பதை அழுத்தமானி காட்டாது. திரவம் ஒரு துளி உள்ளவரை முள் ஏறத்தாழ அசையாமல் நின்று, பின்னர் திடீரென விழும். எடை போட்டுப் பார்ப்பதே வழி. ஒரு கலம் சோடாவுக்கு, கரைவதும் கலத்தை நிரப்புவதும் சேர்த்து, கால் கிலோ வாயு செலவாகும். இரண்டு கிலோ சிலிண்டர், கசிவில்லாவிடில், ஏழெட்டுக் கலங்களுக்கு வரும். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்க்கச் சோம்பினால் ஓரிரவில் சிலிண்டர் காலியாகிவிடும்.

இப்போது கடன் கேள்விக்கு வருவோம். கருவிகள் அனைத்துக்கும் ரூ. 30,000 ஆவதாகவும், வாயுச் செலவு போக லிட்டருக்கு ரூ. 25 மிச்சமாவதாகவும் கொள்வோம். வாரம் 3 லிட்டர் அருந்தும் சிறு குடும்பத்துக்கு ஆண்டு மிச்சம் ரூ. 3,900, முதல் திரும்ப ஏழரை ஆண்டுக்கு மேலாகும். இதே தொகையை 12 சதவீத வட்டியில் மூன்றாண்டுக் கடனாகப் பெற்றால், வட்டி மட்டும் ஏறத்தாழ ரூ. 5,870; அதாவது ஒன்றரை ஆண்டு மிச்சத்தை வட்டியே உண்டுவிடும். வாரம் 10 லிட்டர் செலவாகும் கூட்டுக் குடும்பமெனில் இரண்டேகால் ஆண்டில் முதல் மீளும். முன்னவர்க்குச் சிறு தொடர் வைப்பில் சேமித்து வாங்குங்கள் என்றே நாம் கூறுவோம், கடன் வழங்குவது நம் தொழிலாயினும்.

விற்பனைக்கெனில் கதை வேறு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். நீரின் தரத்துக்குச் சான்று வேண்டும். முத்ரா திட்டத்தில் ‘சிசு’ பிரிவில் ரூ. 50,000 வரை பிணையின்றிக் கிடைக்கும். கருவிகளுக்கான விலைப்புள்ளியுடன் கிளையை அணுகலாம்.

சுவையைப் பொறுத்தவரை, கலத்தில் வெறும் நீரை மட்டுமே நிரப்புவது உத்தமம். சர்க்கரைப் பாகையும் பழச்சாற்றையும் உள்ளே ஊற்றினால் சக்கை குழலை அடைக்கும். சில நாட்களில் புளிப்பும் ஏறும். ரப்பர் வளையங்களில் ஏறிய மணம் கழுவினாலும் போகாது. குவளையில் முதலில் கொங்கணத்துக் கோகம் பாகையோ நன்னாரிப் பாகையோ இரண்டு கரண்டி ஊற்றி, அதன்மேல் சோடாவைச் சாய்வாக இறக்குக. தில்லிச் சுவை வேண்டுவோர் எலுமிச்சைச் சாறும் கறுப்பு உப்பும் சேர்ப்பர். சோடாவில் உப்பு பட்டால் நுரை பொங்கும்.