ராணிக்கும் அது வீடுதான்!



ஜெய்ப்பூர் போகிறவர்கள் ஹவா மஹால், ஆம்பர் கோட்டை பார்த்துவிட்டு, அரக்கு வளையலும் ரஜாயும் வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். எங்கள் 35வது கல்யாண நாளுக்கு என் மகள், "ஒரு ராத்திரியாவது ராணி மாதிரி இருந்துட்டு வாங்கம்மா" என்று சொல்லி, ராம்பாக் அரண்மனை ஓட்டலில் அறை போட்டுக் கொடுத்தாள். வாடகையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. எங்கள் வீட்டு மாதச் செலவு மொத்தமும் அதில் அடங்கிவிடும்!

அப்பப்பா... 47 ஏக்கர் இடம்! நம் வீட்டுக் கோழி மாதிரி மயில்கள் நடமாடுகின்றன. வளைவு வளைவாகத் தூண்கள் வைத்த நீளமான தாழ்வாரம். அரச குடும்பத்து நடன விருந்துகள் நடந்த கூடம்தான் இப்போது சாப்பாட்டுக் கூடம். சரவிளக்கின் கீழே உட்கார்ந்து, இன்னொருவர் பரிமாறச் சாப்பிட்டேன். எழுந்து போய் யாருக்கும் ரசம் ஊற்ற வேண்டியதில்லை! விடிகாலை ஐந்து மணிக்கு வழக்கம்போல விழிப்பு வந்துவிட்டது. பால் காய்ச்ச வேண்டாம், இட்லிக்கு ஊற்ற வேண்டாம். என்ன செய்வதென்று தெரியாமல் தோட்டத்தில் நடந்தேன்.

இந்த இடத்தின் கதையை என் மகள் முன்பே சொல்லியிருந்தாள். 1835ல் அரண்மனைப் பணிப்பெண் ஒருவருக்காகக் கட்டிய தோட்ட வீடுதான் இது. பிறகு ராஜாக்கள் பெரிதாக்கி, தங்கள் வீடாக்கிக் கொண்டார்கள். 1940ல் மகாராஜா இரண்டாம் மான்சிங்கின் மூன்றாவது மனைவியாக காயத்ரி தேவி இங்கே வந்தார். பெண்கள் முக்காட்டை விட்டு வெளியே வந்து படிக்க வேண்டும் என்று 1943ல் பள்ளிக்கூடம் தொடங்கியவர். 1962 தேர்தலில் அவர் வாங்கிய ஓட்டு வித்தியாசம் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

அப்படிப்பட்டவர் வாழ்ந்த வீட்டை, 1957ல் ஓட்டலாக்க மகாராஜா முடிவு செய்தார். சமஸ்தானம் போனபின் இவ்வளவு பெரிய வீட்டைப் பராமரிக்க முடியாது என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்குதான். ஆனால் ராணிக்கு மனசு ஆறவில்லை. வேறு மாளிகைக்குக் குடி போனார்கள். கணவர் இறந்த பிறகு, இதே ராம்பாக் வளாகத்தில் லில்லி பூல் என்ற வீட்டில்தான், 2009ல் காலமாகும் வரை ராணி இருந்தார். அரண்மனை போனாலும், அந்த மண்ணை அவர் விடவில்லை பாருங்கள்!

இதை நினைத்தபடி நடந்தபோது எனக்கு எங்கள் வீட்டு ஞாபகம்தான். அதை இடித்து ப்ளாட் கட்ட பில்டரிடம் கொடுப்பதாக என் கணவரும் மகனும் பேசி முடித்துவிட்டார்கள். "நீ வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டா போதும்" என்றார்கள். 32 வருஷமாக நான் கோலம் போட்ட வாசல் அது.

காபி குடிக்கும்போது கணவரிடம் சொன்னேன்: "என்னங்க, வீட்டை இடிக்க வேணாம்னு நான் சொல்லலை. ஆனா வேப்ப மரத்தை வெட்டக் கூடாது. அடுப்படிக்கு வெளிச்சம் வரணும். நமக்கு வர்ற ப்ளாட் பத்திரத்துல என் பேரும் இருக்கணும்." அவர் பேசவே இல்லை. ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்து, "பில்டரை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். நீயே பேசு" என்றார். பேசினேன். மரம் நிற்கிறது. பத்திரத்தில் என் பெயரும் ஏறப்போகிறது.

தோழியரே, கோடை, மழை மாதங்களில் ராஜஸ்தான் அரண்மனை ஓட்டல்களில் வாடகை குறையும். முடிந்தவர்கள் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் கூட்டிப் பெருக்கும் வீட்டைப் பற்றி முடிவெடுக்கும்போது, நாற்காலியை இழுத்துப் போட்டு நீங்களும் உட்காருங்கள்!

- ஒரு வாசகி, மதுரை.